மின்சாரம் நின்றாலும் தாங்கி நிற்கும் தண்டு

குளத்துத் துருசில் நின்று சில்லைச் சுற்றிக் கதவு தூக்கிய கமக்காரர் எவரும், நாம் இங்கு எழுதவிருக்கும் இயந்திரத்தின் அரைவாசியை ஏற்கனவே அறிந்தவரே. கை சுற்றுகிறது, புரி வெட்டிய நீண்ட இரும்புத் தண்டு நேராக மேலே வருகிறது, அதன் அடியில் தொங்கும் கதவும் கூடவே எழுகிறது. கையை எடுத்துவிட்டாலும் கதவு விழுவதில்லை. இந்தக் கையின் இடத்தில் சிறியதொரு மின் மோட்டாரை வைத்து, தண்டையும் நட்டையும் ஒரு குழாய்க்குள் அடக்கிவிட்டால், அதுவே இன்று உலகெங்கும் பயன்படும் 'லீனியர் அக்சுவேற்றர்'. தமிழில் இதனை 'மின் தள்ளுதண்டு' என்று சொல்லிக்கொள்வோம்.

வைத்தியசாலைக் கட்டிலின் தலைப்பக்கம் பொத்தானை அமர்த்தியதும் மெல்ல எழுவது இதனால்தான். பல் வைத்தியரின் கதிரை, வெயிலைத் தொடர்ந்து திரும்பும் சூரியத் தகடுகள், பசுமைக்கூடாரத்தின் கூரைச் சாளரம், பெரிய நெல் வெட்டும் இயந்திரங்களின் பாகங்கள் எனப் பல இடங்களில் இது வேலை செய்கிறது. 1980களிலும் 1990களிலும் வசதி படைத்தோரின் வளவுகளில் நின்ற பெரிய செய்மதித் தட்டு அன்ரனாக்களைத் திருப்பியதும் 36 வோல்ற்றில் இயங்கிய இத்தகைய தண்டே.

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1990இலும் 1995இலும் 2009இலும் வீடு வாசல் விட்டுப் புறப்பட்டவர்கள், நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றடியிலும் உழவு இயந்திரத்தைத் தெருவோரத்திலும் விட்டுவிட்டே வந்தார்கள். கூடவே வந்தது கைத்தொழில் அறிவு ஒன்றுதான். இஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் போன இடமெல்லாம் வேலை பெற்றார். இன்று எமது பிள்ளைகளுக்கு அப்படியொரு அறிவாக அமையக்கூடியவற்றுள் இதுவும் ஒன்று. அத்துடன், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருப்போர் எமது குடும்பங்களில் உண்டு. அவர்களுக்கு உதவியாகக் கிடைக்கும் கட்டில் நல்லதா கெட்டதா என்று பார்த்தறியவும் இந்த அறிவு தேவை.

சுற்றுவது எப்படி நேராகிறது?

லொறிக்கு நெல்மூட்டை ஏற்றும்போது ஒரு நீண்ட பலகையைச் சாய்த்து வைக்கிறோம். நேராகத் தூக்க முடியாத மூட்டையைப் பலகை வழியே தள்ளி ஏற்றிவிடலாம். தூரம் கூடுகிறது, பலம் குறைவாகப் போதுகிறது. இந்தச் சாய்வுப் பலகையை ஓர் உருளையைச் சுற்றி வளைத்து ஒட்டியதாக நினைத்துப் பாருங்கள். அதுவே திருகின் புரி. தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது அதன் மேலுள்ள நட் ஒரு புரி தூரம் மட்டும் நகர்கிறது. நட்டைச் சுற்றவிடாமல் பிடித்துவைத்தால் அது முன்னும் பின்னும் நேராக ஓடும். அந்த நட்டோடு பொருத்திய குழாய்தான் வெளியே வந்து தள்ளுகிறது.

எமது வீடுகளிலும் இது இல்லாமல் இல்லை. கைபிடியைச் சுற்றி மாவை அழுத்தும் இடியப்ப உரல், கராஜில் இரும்பைப் பிடிக்கும் வைஸ், வான் ரயர் மாற்றும்போது அடியில் வைக்கும் திருகு ஜக் ஆகிய யாவும் இதே வேலையைத்தான் செய்கின்றன. மின் தள்ளுதண்டுக்குள் புதிதாக இருப்பவை மூன்று: ஒரு மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும் பல்லுச் சில்லுகள், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் சிறிய சுவிச்சுகள்.

எவ்வளவு பாரம், எவ்வளவு நேரம்?

ஒரு சிறு குளத்துத் துருசைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கதவு 60 சென்ரிமீற்றர் சதுரம். அதற்கு மேல் 3 மீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீற்றர் மீதும் தண்ணீர் 3 தொன் பாரத்தால் அமுக்கும். ஆகவே கதவின் முகத்தில் ஒரு தொன்னுக்குச் சற்று மேற்பட்ட அமுக்கம் இருக்கிறது. கதவு தன் சட்டத்தோடு உராய்ந்து மேலேற வேண்டும். உராய்வு அந்த அமுக்கத்தின் பத்தில் நான்கு பங்கு எனக் கொண்டால் ஏறக்குறைய 430 கிலோ. கதவின் சொந்தப் பாரம் 40 கிலோவையும் சேர்த்தால் 470 கிலோ.

இதை ஒருவர் தனியே எப்படித் தூக்குகிறார்? சில்லின் கைபிடி நடுவிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. ஒரு சுற்றுக்குக் கை ஏறக்குறைய 188 சென்ரிமீற்றர் போகிறது. தண்டோ ஒரு சென்ரிமீற்றர்தான் எழுகிறது. ஆகவே பலம் 188 மடங்காக வேண்டும். ஆனால் புரிக்கும் நட்டுக்கும் இடையிலான உராய்வு அதில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது 47 மடங்கு. கையால் 10 கிலோ பலம் கொடுத்தால் 470 கிலோ எழும். கதவு முழுவதும் திறக்க 60 சுற்று வேண்டும். திடகாத்திரமான ஒருவருக்கு நாலைந்து நிமிட வேலை.

இப்போது மோட்டாருக்கு வருவோம். 12 வோல்ற் பற்றறியிலிருந்து 5 அம்பியர் எடுக்கும் மோட்டார் 60 வாற்று வலுவை வாங்குகிறது. மோட்டாரிலும் பல்லுச் சில்லுகளிலும் அதில் ஒரு பகுதி சூடாகப் போகிறது. திருகில் இன்னொரு பகுதி போகிறது. கடைசியில் கதவைத் தூக்கப் பயன்படுவது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அதே கதவைத் திறக்க ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அதாவது, இந்த மோட்டார் ஒரு மனிதனை விட வேகமாகவோ பலமாகவோ வேலை செய்யவில்லை! மாரி மழையில், நடுச்சாமத்தில், பாம்பும் பூச்சியும் உள்ள குளக்கட்டில் ஆள் போகாமலே அந்த வேலையைச் செய்வதே அதன் பயன். ஒரு தடவை திறக்கச் செலவாகும் மின்சாரமும் சொற்பமே. 12 வோல்ற், 7 அம்பியர்-மணி கொண்ட சிறிய பற்றறியைப் பாதிக்கு மேல் இறக்காமல் ஏறக்குறைய எட்டுத் தடவை திறக்கலாம்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு விதியைக் கற்றுக்கொள்ளலாம். மோட்டாரின் வலு மாறாதபோது பலத்தையும் வேகத்தையும் ஒருசேரக் கூட்ட முடியாது. புரியை நெருக்கமாக வெட்டினால் பலம் கூடும், வேகம் குறையும். புரியை அகலமாக வெட்டினால் வேகம் கூடும், பலம் குறையும். 'சின்னத் தண்டு, மிக வேகம், மிகப் பலம்' என்று விளம்பரம் செய்யும் வியாபாரியிடம் அவதானமாக இருங்கள்.

இன்னுமொரு வரையறையும் உண்டு. கடைகளில் கிடைக்கும் சிறிய 12 வோல்ற் தண்டுகள் பெரும்பாலும் 75 முதல் 150 கிலோ வரை தள்ளக்கூடியவை. அவற்றுள் பல பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. இரண்டு நிமிடம் ஓடினால் பதினெட்டு நிமிடம் ஆற வேண்டும். ஓய்வில்லாமல் ஓட்டினால் உள்ளே கம்பிச் சுற்றுக் கருகிவிடும். எனவே மேற்கூறிய துருசுக்கு அத்தண்டு உதவாது. அதற்கென்றே செய்த பெரிய வகை வேண்டும்.

கரண்ட் நிண்டால்?

"தம்பி, கரண்ட் நிண்டால் இது என்ன செய்யும்?" எந்த இயந்திரத்தைக் காட்டினாலும் எமது வயோதிபர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். வருடக்கணக்கில் மின்சாரமின்றி வாழ்ந்தவர்களின் கேள்வி அது. படித்த பொறியியலாளரும் இதையே முதலில் கேட்க வேண்டும்.

நெல்மூட்டைப் பலகைக்குத் திரும்புவோம். சாய்வு குறைவாக இருந்தால் மூட்டையை நடுவழியில் விட்டாலும் அது அங்கேயே கிடக்கும். சாய்வு கூடினால் சறுக்கிக் கீழே வரும். திருகும் அப்படியே. புரியின் சாய்வு சிறிதாகவும் உராய்வு போதியதாகவும் இருந்தால், மேலிருந்து எவ்வளவு அமுக்கினாலும் தண்டு தானாகச் சுற்றாது. கொடுத்த வேலையில் பாதிக்கும் மேல் உராய்வில் போகும் திருகு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் என்பது பொதுவான கணக்கு. துருசின் திருகில் முக்கால் பங்கு உராய்வில் போனதைக் கண்டு வீண் என்று நினைத்திருப்பீர்கள். அது வீணல்ல. கையை எடுத்த பின்பும் கதவைத் தாங்கி நிற்பது அந்த உராய்வுதான்.

புரிக்கும் நட்டுக்கும் இடையே இரும்புக் குண்டுகளை உருளவிடும் இன்னொரு வகைத் திருகு உண்டு. அதில் உராய்வு மிகக் குறைவு. கொடுத்த வேலையில் பத்தில் ஒன்பது பங்கு பயனாகும். தொழிற்சாலைகளுக்கு அது மிக நல்லது. ஆனால் மின்சாரம் நின்றதும் பாரம் அதைப் பின்னோக்கிச் சுற்றிவிடும். தனியாக ஒரு பிறேக் பூட்ட வேண்டும். சாதாரணத் திருகும்கூட ஓயாத அதிர்வில் சிறிது சிறிதாக இளகக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

திருகே இல்லாத தள்ளும் இயந்திரமும் உண்டு. வட்டமான மோட்டாரை ஓரிடத்தில் வெட்டி நேராக விரித்தது போன்றது அது; காந்த அலை நேராக ஓடித் தன்னோடு உலோகத்தை இழுத்துச் செல்லும். இங்கிலாந்தின் பேராசிரியர் எரிக் லெய்த்வெயிற், தறியில் நாடாவை ஓட்டுவதற்காக இதனை ஆராயத் தொடங்கியவர். சீனாவின் ஷங்காய் நகரில் 2004இல் பயணிகள் சேவையை ஆரம்பித்த காந்த ரயிலை ஓட்டுவதும் இவ்வினத்தைச் சேர்ந்த மோட்டாரே. வேகத்துக்கு அது ஒப்பற்றது. பாரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதற்கோ அதற்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும். குளக்கட்டுக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் மெதுவான, உராய்வு மிகுந்த திருகே பொருத்தம்.

கட்டிலைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. அசைய முடியாமல் படுத்திருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது நிலை மாற்றாவிட்டால் படுக்கைப் புண் வரும் என்று தாதியர் சொல்லித் தருவார்கள். அந்த வேலை பெரும்பாலும் மனைவிமார், தாய்மார் தலையிலேயே விழுகிறது. கட்டில் ஆளைப் புரட்டாது. புரட்டும் கை இன்னமும் வேண்டும். ஆனால் உணவு ஊட்டும்போதும் மூச்சு முட்டும்போதும் முதுகை நிமிர்த்தும் பாரத்தை அது முதுகிலிருந்து எடுத்துவிடும். கால்மாட்டில் கைபிடி சுற்றும் கட்டிலும் இதே திருகினால் இயங்குவதே. மின்சாரம் ஒழுங்காக இல்லாத வீட்டுக்குக் கைபிடிக் கட்டிலே போதுமானதாக இருக்கலாம். ஆனால் அந்தக் கைபிடி நோயாளிக்கு எட்டாது. பொத்தான் எட்டும். தன் தலையைத் தானே உயர்த்தி வெளியே பார்க்க முடிவது, பிறரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்தவருக்குச் சிறிய காரியமன்று.

நிறுத்துவதே கட்டுப்பாடு

மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் அது மறுபக்கம் சுற்றும். முன்னே போ, பின்னே வா என்ற கட்டளைகள் இரண்டும் ஒரு சுவிச்சுக்குள் அடங்கிவிடுகின்றன. அதைவிடக் கடினமானது 'நில்' என்ற கட்டளை. கதவு முழுதும் மூடிய பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தால் ஒன்றில் தண்டு வளையும், அல்லது கதவு உடையும், அல்லது மோட்டார் கருகும்.

ஆகவே தண்டின் இரு அந்தங்களிலும் ஒவ்வொரு சிறிய சுவிச் இருக்கும். நட் வந்து முட்டியதும் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். 'துண்டித்த பின் எப்படித் திரும்பி வரும்?' என்று கூர்மையான பிள்ளைகள் கேட்பார்கள். அந்தச் சுவிச்சுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் போகவிடும் டயோட் ஒன்று இருக்கிறது. மேலும் தள்ளும் திசைக்கு அது வழிவிடாது, திரும்பி வரும் திசைக்கு வழிவிடும். இதற்கு மேலாக, தண்டு இடையில் எதிலாவது இறுகினால் காப்பாற்றுவதற்குச் சரியான அளவுள்ள பியூஸ் வேண்டும். பியூஸ் போய்விட்டதென்று தடித்த கம்பியைச் சுற்றிப் போடுவது, காவல்நாயைக் கட்டிவைத்துவிட்டுக் கள்வனுக்குக் கதவு திறப்பது போன்றது.

நடுவழியில் நிறுத்த வேண்டுமானால் தண்டு எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். சிலவற்றில் சுற்றுக்களைக் காந்த உணரி ஒன்று எண்ணும். துருசில் நின்று 'பத்துச் சுற்று, இருபது சுற்று' என்று நாம் எண்ணுவது போலத்தான். எண்ணுபவர் இடையில் நித்திரையாகிவிட்டால் கணக்குத் தவறும் அல்லவா? மின்சாரம் போய் வந்தபின் சில கருவிகள் கணக்கை மறந்துவிடும். அப்போது தண்டை முழுவதும் உள்ளே இழுத்து, பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும்.

தானாக நீர்மட்டம் பார்த்துக் கதவை இயக்கும் அமைப்புகளில் இன்னொரு சிக்கல் எழும். நீர் சற்றுக் கூடியதும் கதவு மூடுகிறது, சற்றுக் குறைந்ததும் திறக்கிறது, மறுபடி மூடுகிறது. ஓயாமல் ஊசலாடி மோட்டாரும் திருகும் தேய்ந்துபோகும். அனுபவமுள்ள கமக்காரர் அப்படிச் செய்வதில்லை. வாய்க்காலை வெட்டிவிட்டால் தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேர நேரமெடுக்கும் என்று அவருக்குத் தெரியும். சற்றுத் திறந்து, பொறுத்திருந்து பார்த்து, பிறகே அடுத்த கைவைக்கிறார். விரலளவு வேறுபாட்டை அவர் பொருட்படுத்துவதுமில்லை. கட்டுப்பாட்டுப் பொறியியல் கற்பிக்கும் இரண்டு பெரிய பாடங்கள் இவையே: விளைவு வந்து சேரும்வரை பொறுத்திரு, சிறு வேறுபாட்டுக்குத் துள்ளாதே.

பட்டறையிலிருந்து வந்தவர்கள்

இந்தத் தண்டின் பகுதிகளுக்கு வழி திறந்தவர்களுள் மூவர் பல்கலைக்கழகப் படியை மாணவராக மிதித்தவர்கள் அல்லர். துல்லியமான திருகுகளை இயந்திரத்தில் வெட்டும் கடைசல் பொறியை 1800ஆம் ஆண்டளவில் இலண்டனில் செம்மைப்படுத்திய ஹென்றி மோட்ஸ்லி, பன்னிரண்டு வயதில் ஆயுதசாலையில் கூலிப் பையனாகச் சேர்ந்தவர். 1821இல் மின்சாரத்தைக் கொண்டு கம்பியைச் சுழலவைத்துக் காட்டிய மைக்கேல் பரடே கொல்லரின் மகன்; புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். 1825இல் மின்காந்தத்தைச் செய்து காட்டிய வில்லியம் ஸ்ரேர்ஜன், சப்பாத்துத் தைக்கும் தொழில் பழகிப் பின்னர் படைவீரரானவர். ஏறக்குறைய 200 கிராம் இரும்பைக் கொண்டு அவர் 4 கிலோ பாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

பரடே சிறுவருக்கும் கற்பித்தார். இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷனில் 1825இல் தொடங்கிய நத்தார் கால விரிவுரைகளில் அவர் பல வருடங்கள் பேசினார். நாம் மேலே சொன்ன பேராசிரியர் லெய்த்வெயிற்றும் 1966இல் அதே மேடையில் நின்று பிள்ளைகளுக்கு இயந்திரங்களை இயக்கிக் காட்டினார். முதலில் பொருளை இயக்கிக் காட்டுவது, விளக்கத்தைப் பிறகு வைப்பது என்ற முறை கிராமத்துப் பிள்ளைகளுக்கும் நன்கு பொருந்தும்.

பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது?

மின்சார வசதியில்லாத கொட்டிலிலும் இதைக் கற்பிக்கலாம். 1990களில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் எமது வாசகரில் பலர். அவர்களுக்கு மோட்டார் புதியதன்று. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடின்றி நாலைந்து பேர் கொண்ட சிறு குழுவாக, பின்வரும் ஒழுங்கில் செல்வது நல்லது.

முதலாம் பாடம்: திருகு ஜக் அல்லது இடியப்ப உரலை எடுத்து, பத்துச் சுற்றுக்கு எவ்வளவு நகர்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். அதைப் பத்தால் பிரித்தால் ஒரு புரியின் தூரம் கிடைக்கும். 12 மில்லிமீற்றர்ப் புரித்தண்டு ஒன்று கடையில் வாங்கினால், அதன் புரி வழக்கமாக 1.75 மில்லிமீற்றர் இருக்கும். அளவுகோலில் 17.5 வருகிறதா என்று பார்க்கட்டும்.

இரண்டாம் பாடம்: பழைய விளையாட்டுப் பொருளிலிருந்து கழற்றிய மோட்டாரைப் பற்றறியில் தொடுத்து, கம்பிகளை மாற்றித் திசை மாறுவதைக் காட்டுங்கள். பிறகு அதன் அச்சில் நூல் சுற்றி வேகமாக இழுத்துச் சிறு விளக்கொன்றை மின்னச் செய்யுங்கள். மோட்டாரும் டைனமோவும் உறவினர் என்பது தானாக விளங்கும்.

மூன்றாம் பாடம்: கழிவுக்குப் போன வாகனத்தின் வைப்பர் மோட்டாரோடு அந்தப் புரித்தண்டைப் பொருத்தி, நட்டைச் சுற்றவிடாமல் ஒரு சட்டத்தில் பிடித்து ஓடவிடுங்கள். மோட்டார் நிமிடத்துக்கு 50 சுற்று ஓடினால் நட் 87.5 மில்லிமீற்றர் நகர வேண்டும். ஓடவிடுமுன்னரே பிள்ளைகள் கணக்கிட்டு எழுதட்டும். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து அளக்கட்டும்.

நான்காம் பாடம்: இரு அந்தத்திலும் சுவிச்சும் டயோட்டும் பூட்டுதல். இதைப் படமாக வரைந்து காட்டத் தெரியும்வரை அடுத்த பாடத்துக்குப் போகவேண்டாம்.

ஐந்தாம் பாடம்: ஆசிரியர் இரகசியமாக ஒரு பிழையை உண்டாக்கி வைப்பார். பியூஸைக் கழற்றலாம், ஒரு கம்பியைத் தளர்த்தலாம், சுவிச்சை இடம் மாற்றலாம். பிள்ளைகள் காரணத்தைத் தேடட்டும். வேலை கொடுப்பவர் தேடுவது இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரையே.

பாதுகாப்பை முதல் நாளிலேயே பழக்குங்கள். கைவைக்குமுன் பற்றறிக் கம்பியைக் கழற்ற வேண்டும். மோதிரம், காப்பு, சங்கிலியைக் கழற்றிவைக்க வேண்டும். மெதுவாக நகரும் தண்டு விரலை நசுக்காது என்று எண்ணலாகாது. மெதுவாக நகர்வதே பலமானது. பயிற்சிக்காகச் செய்த தண்டை மனிதரைத் தூக்கவோ கட்டிலில் பூட்டவோ ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

உதவியாகக் கிடைத்தாலும் சரி, காசு கொடுத்து வாங்கினாலும் சரி, கட்டிலோ துருசுக் கதவோ சூரியத் தகடோ எதுவாயினும், பொறுப்பேற்கும் குடும்பமோ கமக்கார அமைப்போ பின்வரும் கேள்விகளைக் கேட்பது உரிமை.

1. மின்சாரம் நின்றால் பாரம் நின்ற இடத்தில் நிற்குமா? செயல்படுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

2. மின்சாரம் இல்லாதபோது கையால் இயக்கக் கைபிடி உண்டா? துருசுக்கு இது கட்டாயம்.

3. எத்தனை கிலோ, எத்தனை வோல்ற், எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடலாம் என்பன தண்டில் எழுதப்பட்டுள்ளனவா?

4. மழையும் தூசியும் உட்புகாத வகையா? வெளியே பூட்டுவதாயின் இயன்றவரை தண்டு நீளும் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். நீர் தேங்கினால் உள்ளே கறள் பிடிக்கும். கடலோரக் கிராமங்களில் இது இன்னும் முக்கியம்.

5. தண்டு நேராக மட்டும் தள்ளுகிறதா? பக்கவாட்டில் பாரம் விழுந்தால் குழாய் வளையும். இரு அந்தமும் ஆணியில் தாராளமாக அசையும்படி பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

6. சுவிச், பியூஸ், கிறீஸ் என்பவற்றை எமது நகரக் கடையில் வாங்கலாமா? திறந்து திருத்தும் முறையை எமது பிள்ளைகளில் இருவருக்காவது கற்றுத் தருவீர்களா?

கடைசிக் கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால், அந்த இயந்திரம் பழுதாகும் நாளில் கட்டிலோடு இருப்பவரின் நிலை என்ன, வயலில் நிற்கும் பயிரின் நிலை என்ன என்று கூட்டத்தில் எல்லோரும் கேட்க எழுந்து சொல்லுங்கள். கைபிடி உள்ள எளிய இயந்திரம் கிடைக்குமானால் அதையே தரும்படி கேளுங்கள். 'ஆம், கற்றுத் தருவோம்' என்று சொன்னால், அன்றைக்கே இரண்டு பிள்ளைகளின் பெயரைக் கொடுத்து, திகதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.